கல் சுண்ணாம்பு, நீலம், மயில்துத்தம், பிளீச்சிங் பவுடர்: பழைய சரக்குகளைக் கையாளும் முறை

பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்க ஒரு மூட்டை கல் சுண்ணாம்பு இறங்கினால், அது சுவரோடு நிற்காது. மிச்சம் தோட்டத்துக்குப் போகும். அதே சுண்ணாம்பில் குளோரின் ஏற்றிச் செய்த பிளீச்சிங் பவுடர் கிணற்றுக்குப் போகும். இவை எல்லாம் இன்றும் கடைகளில் கிடைக்கின்றன. எதற்கு எவ்வளவு, எது முதலில், எது பிறகு என்ற கணக்குதான் வீடுகளிலிருந்து போய்விட்டது. அந்தக் கணக்கு இல்லாமல் செய்பவர்கள்தான் "சுண்ணாம்பு உதிருது" என்று சொல்லி எமல்ஷன் பெயின்ட்டுக்கே திரும்புகிறார்கள்.

சுண்ணாம்பை நீற்றுதல்

நீற்றுதல் என்றால் சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் போட்டுக் கொதித்துக் கரையவிடுவது. நீற்றாத கல்லாக வாங்குங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் அதுவே நல்லது, வெண்மை கூடுதல். கட்டி கெட்டியாக, எடை குறைவாக இருக்க வேண்டும். மூட்டைக்குள் ஏற்கெனவே தூளாகிக் கிடந்தால் காற்றின் ஈரத்திலும் கரியமில வாயுவிலும் பாதி செத்த சரக்கு. அது சுவரைப் பிடிக்காது.

10 கிலோ சுண்ணாம்புக்கு மொத்தம் 50 லிட்டர் தண்ணீர். 100 லிட்டர் பிடிக்கும் இரும்பு டிரம் அல்லது சிமென்ட் தொட்டி வேண்டும். பிளாஸ்டிக் வாளி சூட்டில் இளகும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. சுண்ணாம்பு அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும்.

முதலில் 30 லிட்டர் தண்ணீர். அதில் சுண்ணாம்புக் கட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். குவித்து வைத்த சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். நல்ல சரக்கு சில நிமிடங்களிலேயே சீறிக் கொதிக்கத் தொடங்கும். நீளமான கழியால் கிளறுங்கள். தண்ணீர் குறைந்தால் கட்டி வெந்து, உள்ளே நீறாத பருக்கைகள் நின்றுவிடும். எடுத்த எடுப்பிலேயே 50 லிட்டரையும் ஊற்றினாலும் சூடு ஏறாமல் அரைகுறையாக நீறும். கொதி அடங்கியதும் மீதி 20 லிட்டரைச் சேர்த்து, மூடி, குறைந்தது 24 மணி நேரம் விடுங்கள். இந்த ஒரு நாளைக் குறைத்துவிட்டால், சுவரில் போன பிறகு பருக்கைகள் நீறி உப்பி, சிறு சிறு குழிகளாகப் பெயர்ந்து விழும்.

கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை, குழந்தைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது. கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் இமையைத் திறந்து பிடித்துக் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எலுமிச்சை, வினிகர் எதையும் விட்டு "முறிக்க"ப் பார்க்காதீர்கள், பார்வை போய்விடும்.

வெள்ளையடித்தல்

மறுநாள் பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். 200 கிராம் பிசினை அல்லது வச்சிரத்தை (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பசை) முந்திய இரவே ஊறவைத்து, வெந்நீரில் கரைத்துச் சேர்க்க வேண்டும். 10 லிட்டர் சுண்ணாம்புப் பாலுக்கு 40 கிராம் என்பது பொதுப்பணித் துறைக் கணக்கு. அரிசிக் கஞ்சி ஊற்றும் வழக்கமும் உண்டு; ஈரச் சுவரில் அது பூஞ்சைக்குத் தீனி. 1.3 கிலோ கல் உப்பை வெந்நீரில் கரைத்து ஊற்றினால் சுவரில் ஈரம் கொஞ்சம் நின்று, சுண்ணாம்பு நன்றாக இறுகும். ஆனால் கான்கிரீட் கூரையிலும் தூணிலும் உப்பு வேண்டாம், உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். ஏற்கெனவே உப்புப் பூத்த சுவருக்கும் அது ஆகாது.

கடைசியில் நீலம். தூள் நீலம்தான், 10 கிலோ சுண்ணாம்புக்கு 30 கிராமைத் தாண்டக்கூடாது. தனியாகத் தண்ணீரில் கரைத்து, துணியில் வடித்த பிறகே ஊற்றுங்கள். நேராகக் கொட்டினால் சுவரில் நீலக் கீற்று விழும். அதன் வேலை மஞ்சளை மறைப்பது மட்டும்.

சுவரில் தண்ணீரை விசிறிப் பாருங்கள். சுவர் உறிஞ்சினால் சுண்ணாம்பு பிடிக்கும். முத்து முத்தாக உருண்டால் பழைய எமல்ஷனோ ஆயில் பெயின்ட்டோ இருக்கிறது. பூச்சு தெரியும்வரை சுரண்டாமல் மேலே அடித்தால் ஒரு மழைக்காலத்தில் பாளம் பாளமாக வந்துவிடும். பழைய ஆயில் பெயின்ட்டை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயின்ட்டில் காரீயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டின் தூசி குழந்தைகளின் மூளைக்குப் போகும் நஞ்சாக இருக்கலாம். நனைத்துச் சுரண்டி, சுரண்டியதை அள்ளிக் கட்டிவிடுங்கள்.

அடிக்கும் முன் சுவரை நனைக்க வேண்டும். இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். சுண்ணாம்பு காய்ந்து இறுகுவதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈரத்தின் துணையோடு உள்வாங்கித் திரும்பக் கல்லாகிறது. ஈரம் சட்டென்று போனால் பொடியாகவே நிற்கும், சாய்ந்தவர் முதுகில் ஒட்டும். அதனால் உச்சி வெயில் விழும் சுவரை அப்போது தொடாதீர்கள், நிழல் திரும்பட்டும்.

பால் பதத்தில் மெல்லிசாக மூன்று பூச்சு. முதல் பூச்சு மேலும் கீழும், அடுத்தது குறுக்கே. ஒன்று காய்ந்த பிறகே மற்றொன்று. மட்டையோ பிரஷ்ஷோ, நடுநடுவே வாளியைக் கலக்கிக்கொண்டே இருங்கள். ஈரமாக இருக்கும்போது அடித்ததே தெரியாது, காய்ந்த பிறகுதான் வெள்ளை எழும். அது புரியாமல் கெட்டியாகக் கரைத்து ஒரே பூச்சில் முடிப்பவர்களுக்கு வெடிப்பும் உதிர்வும் நிச்சயம்.

போர்டோ கலவை

பிரான்சில் போர்டோ பல்கலைக்கழகத் தாவரவியலாளர் மில்லார்டே 1885ல் திராட்சைக் கொடியின் அடிச்சாம்பல் நோய்க்கு மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் சேர்ந்த கலவையை வெளியிட்டார். பாக்கு, எலுமிச்சை, வெற்றிலை வைத்திருப்பவர்களுக்கு இன்றும் இதைவிட மலிவான பூஞ்சை மருந்து எளிதில் கிடைக்காது.

10 லிட்டர் கலவைக்கு 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் கல் சுண்ணாம்பு. மயில்துத்தத்தைத் துணியில் முடிந்து, பிளாஸ்டிக் வாளியில் 5 லிட்டர் தண்ணீரின் மேல்மட்டத்தில் இரவு முழுக்கத் தொங்கவிடுங்கள். அடியில் போட்டால் கரைசல் அங்கேயே தேங்கி, கரைவது தாமதமாகும். இரும்பு வாளி கூடாது. செம்பு அதன் மேல் படிந்துவிடும். இன்னொரு பாத்திரத்தில் சுண்ணாம்பை நீற்றி, ஆறவிட்டு, 5 லிட்டராக்கி வடிகட்டுங்கள்.

மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலுக்குள் மெல்ல ஊற்றிக்கொண்டே கிளற வேண்டும். மாற்றி ஊற்றினால் படிவு தடித்து, தெளிப்பான் மூக்கை அடைக்கும். வான நீலம் வந்ததும் பளபளவென்று தேய்த்த இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இலை கருகும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் விட்டு மறுபடி பாருங்கள். அன்றே தெளித்துவிட வேண்டும், அடுத்த நாள் அதற்குப் பிடிப்பு இராது. கழுவிய தண்ணீர் குளத்துக்கோ மீன் தொட்டிக்கோ போகக்கூடாது, செம்பு மீனைக் கொல்லும். கவாத்து செய்த காயங்களுக்கு அதே 100க்கு 100 கிராமை ஒரே லிட்டரில் பசையாகக் கரைத்துப் பூசலாம்.

கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர்

1,000 லிட்டருக்கு 2.5 கிராம். வட்டக் கிணறு என்றால் விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, 4ஆல் வகுங்கள்; மீட்டரில் அளந்திருந்தால் விடை கன மீட்டர், அதாவது ஆயிரம் லிட்டர்க் கணக்கு. 3 மீட்டர் விட்டமும் 4 மீட்டர் தண்ணீரும் உள்ள கிணற்றில் சுமார் 28,000 லிட்டர். 70 கிராம் போதும். கை நிறைய அள்ளிப் போடுவதால்தான் தண்ணீர் நாறுகிறது.

வாளியில் பொடியைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிடுங்கள். தெளிவை மட்டும் வேறு வாளிக்கு மாற்றி, அந்த வாளியைக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழுமாக ஆட்ட வேண்டும். அடியில் நிற்கும் சுண்ணாம்பு வண்டலைக் கிணற்றில் ஊற்றினால் தண்ணீர் கடினமாகும். ஒரு மணி நேரம் கழித்தே இறைக்கலாம். இரவில் போட்டுக் காலையில் இறைப்பது வசதி. புதுப் பவுடரில் சுமார் 33 சதவீதம் குளோரின் இருக்கும். திறந்து வைத்த பொட்டலத்தில் அது வேகமாகக் குறையும், அதனால் சிறு பொட்டலமாக வாங்கி இறுக மூடி வையுங்கள்.

கலங்கல் தண்ணீருக்குப் படிகாரம் நல்லதுதான். 10 லிட்டருக்கு அரை கிராமுக்கு மேல் வேண்டியதில்லை. அது மண்ணை அடியில் இறக்குமே தவிர கிருமியை ஒழிக்காது, கொதிக்க வைப்பதை விட்டுவிடாதீர்கள்.

பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயுவும், பாத்திரத்துக்கு ஈயம் பூசப் பயன்படும் நவச்சாரம் சேர்ந்தால் குளோராமைன் வாயுவும் கிளம்பும். இரண்டுமே நுரையீரலைப் புண்ணாக்கும். மூன்றையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். மயில்துத்தத்தை ஒருபோதும் குளிர்பான பாட்டிலில் கரைத்து வைக்காதீர்கள். அந்த நீலம் குழந்தையின் கண்ணுக்குச் சர்பத்தாகத்தான் தெரியும்.