உதிர்ந்துபோன அவல் பார்: என் அனுபவம்

கடையில் ஒரு பார் (கடலை மிட்டாய் மாதிரி நீளத் துண்டாக வரும் தின்பண்டம்) வாங்கும் காசுக்குக் கால் கிலோ நிலக்கடலை வாங்கிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். கெட்டி அவல் 2 கப், வறுத்த கடலை 1 கப், எள் 2 ஸ்பூன், வெல்லம் 1 கப். வெல்லத்தைப் பாகு காய்ச்சி, வறுத்த அவல், கடலையோடு கலந்து தட்டில் அழுத்துவேன். ஆறியதும் கத்தி வைத்தால் பொலபொலவென்று உதிர்ந்து மிக்சர் ஆகிவிடும். மூன்று நாள் இதே கதை.

வெல்லத்தைக் கூட்டினேன், பல்லில் ஒட்டியது. தேன் சேர்த்தேன், ஃபிரிட்ஜில் நன்றாக இருந்தது, டிபன் பாக்ஸில் மதியத்துக்குள் இளகியது. மசித்த வாழைப்பழம் இரண்டாம் நாளே புளிப்பு வாடை.

நான்காம் முறைதான் வாணலியின் அடியைக் கவனித்தேன். அவல் தூளும் கடலைத் தோலும் ஒரு கைப்பிடி இருந்தன. பாகை முதலில் குடித்தது அந்தத் தூள்தான், அவலுக்கு மிஞ்சவில்லை. வறுத்ததைச் சல்லடையில் சலித்து, தோலை ஊதித் தள்ளினேன்.

இன்னொன்று பாகுப் பதம். கம்பிப் பதம் போதாது. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டி, தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வர வேண்டும். அச்சு வெல்லத்தில் எனக்கு அது சரியாக வரவில்லை. பாகு வெல்லம் என்று கேட்டு வாங்கினேன். அவலும் சூடாகவே இருக்க வேண்டும், ஆறிய அவலில் பாகு அங்கங்கே இறுகிவிடும்.

நெய் தடவிய தட்டில் கொட்டி, கிண்ணத்தின் அடியால் அழுத்தி, வெதுவெதுப்பாக இருக்கும்போதே கீறிவிட்டேன். 14 துண்டுகள். காற்றுப் புகாத டப்பாவில் பத்து நாளாக மொறுமொறுவென்றே இருக்கின்றன.