ஞாபகப் பெட்டி ஒளிக்கப் போகிறீர்களா?

அம்மாவின் திதிக்கு ஊருக்குப் போயிருந்தபோது ஒரு தம்பி கைப்பேசியில் படம் காட்டினார். தாத்தா நினைவாக அவர் வைத்த பெட்டி. இடம், வாய்க்கால் மதகுக்கு அடியில். "மூணு வருஷமா இதுல தண்ணியே வரலக்கா." எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

இப்படிப் பெட்டியை ஒளித்து வைத்து, துப்பு கொடுத்துத் தேடவைக்கும் விளையாட்டுக்கு லெட்டர்பாக்ஸிங் என்று பெயர். தெரியாதவர்களுக்கு: 1854இல் இங்கிலாந்தின் டார்ட்மூரில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் குளத்தருகே ஒரு பாட்டிலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் அதில் தங்கள் விசிட்டிங் கார்டைப் போட்டுவிட்டுப் போனார்கள். இப்போது பெட்டிக்குள் கையால் செதுக்கிய ரப்பர் முத்திரையும் ஒரு நோட்டும் இருக்கும். துப்பு பிடித்து வருகிறவர் அந்த முத்திரையைத் தன் நோட்டில் குத்திக்கொண்டு, தன் முத்திரையைப் பெட்டி நோட்டில் குத்திவிட்டுப் போவார்.

எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்க மறப்பது, மூடி இறுகாத டப்பா, இந்தத் தவறுகளெல்லாம் ஒருமுறை பட்டாலே புத்தி வந்துவிடும். அவற்றை விடுகிறேன். மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

காய்ந்த ஆற்றைத் தரை என்று நினைப்பது

அம்மா குடமுருட்டிப் படித்துறையில் துணி துவைத்தவள். 2022 மாசியில் ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. கடைசிப் படிக்குக் கீழே கல் பெயர்ந்த பொந்து ஒன்று. எவர்சில்வர் சம்படம் அதில் அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தது. உள்ளே அம்மாவின் சிக்குக் கோலத்தைச் செதுக்கிய முத்திரை. கூடவே, அவள் கையால் புள்ளி வைத்த கோல நோட்டு. வருகிறவர்கள் புரட்டிப் பார்க்கட்டுமே என்ற ஆசை.

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. தண்ணீர் கல்லணைக்கு வந்து எங்கள் ஆற்றில் இறங்க மேலும் சில நாள் ஆகும். ஜூன் முதல் வாரம் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். அந்த வருஷம் பார்த்து மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். நான் சென்னையில். அண்ணன் சாவகாசமாகப் போய்ப் பார்த்தபோது நாலு படி தண்ணீருக்குள். மாட்டுக்குத் தண்ணி காட்ட வந்த பெரியவர் கேட்டாராம்: "ஆத்துல வச்சா ஆறு எடுத்துக்காதா?"

இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். பிறகு நேராகப் போய் மதகடியில் வைப்பார்கள். தண்ணீர் வரும் முன்பே, கோடையில் தூர்வார வரும் பொக்லைன் பெட்டியைச் சேற்றோடு அள்ளிக் கரையில் கொட்டிவிடும். அதற்கும் தப்பினால் ஐப்பசி, கார்த்திகை இருக்கிறது. முறைத் தண்ணீர் எட்டாத கடைமடை வாய்க்கால்கூட அடைமழையில் கரை வழியும். கல்லில் வண்டல் படிந்த கோட்டைத் தேடுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் எந்த வருஷம் எதுவரை ஏறியது என்று கேளுங்கள். அதற்கும் மேலே வையுங்கள். தம்பியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு பளிச்சென்று தெரிந்தது. பெட்டி அதற்கு ஒரு முழம் கீழே.

அசல்

நகல் எடுத்து வையுங்கள்.

"மூன்றாவது தென்னையிலிருந்து பத்தடி"

2018 நவம்பர் 16இல் கஜா புயல் அடித்த பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்புத் தோப்பாகத் தென்னை சாய்ந்தது. முதல் மரமே இல்லாத இடத்தில் மூன்றாவதை எங்கே தேடுவது? துப்பில் மைல்கல், பாலத்துக் கைப்பிடிச் சுவர் என்று எதையாவது சொல்லுங்கள்.

மஞ்சள் துணி

மங்களகரமாக இருக்கட்டும் என்று பெட்டியை மஞ்சள் துணியில் சுற்றி அரசமரத்தடியில் வைத்தால், அடுத்த வெள்ளிக்கிழமை அங்கே விளக்கு எரியும். அதன்பின் தொட உங்களுக்கே தைரியம் வராது.

அதிரசம்

யார் நினைவாக வைக்கிறீர்களோ அவருக்குப் பிடிக்கும்தான். எறும்புக்கும் பிடிக்கும்.

என் இரண்டாவது பெட்டி அத்தை வீட்டு மாட்டுக்கொட்டகைப் பரணில் இருக்கிறது. நோட்டு போய்விட்டதால் கோலத்தை ஞாபகத்திலிருந்தே செதுக்கினேன். முதலில் தேடி வந்தவள் பெரியம்மா மகள். முத்திரையைக் குத்திவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "சித்தி போடுறப்போ இந்த இழை இப்படி வளையாதேடி" என்றாள்.