ஸ்லைடுல சோர்ஸ் எங்க போடறது, எப்படி போடறது

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் காலேஜ் செமினார்னா பாதி பேரு காவிரிதான் எடுப்பாங்க, கடைசி ஸ்லைடுல "நன்றி: கூகுள்"னு ஒரு வரி போட்டு முடிச்சிடுவாங்க. கூகுள் தேடித்தான் குடுக்குது, எழுதினது வேற ஆளுப்பா.

நம்பர் எந்த ஸ்லைடுல வருதோ அதே ஸ்லைடுல கீழ சின்ன எழுத்துல சோர்ஸ் போடுங்க. காவிரியில கர்நாடகா தமிழ்நாட்டுக்கு வருஷம் 177.25 டிஎம்சி (நூறு கோடி கன அடி ஒரு டிஎம்சி) தண்ணி விடணும்னு போட்டா கீழ "உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 16.02.2018"னு இருக்கணும், விக்கிபீடியாவுல பாத்திருந்தா அந்தப் பக்கத்துக்கு அடியில இருக்கற லிங்க்கை தொறந்து உண்மையிலேயே அதுல அந்த நம்பர் இருக்கான்னு படிச்சிட்டு அதை போடுங்க, படிக்காம போட்டு சார் கேட்ட கேள்விக்கு நான் முழிச்ச முழி இன்னும் ஞாபகம் இருக்கு.

கல்லணை போட்டோவா? விக்கிமீடியா காமன்ஸ்ல எடுத்தா எடுத்தவர் பேரு, லைசென்ஸ் ரெண்டும் படத்துக்கு கீழயே வரட்டும், "சிசி பை" (CC BY, பேரு போட்டா யாரு வேணா எடுத்துக்கலாம்னு குடுக்கற கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்) வகைன்னா பேரு போடறது கண்டிஷன். ஊருல விவசாயி தாத்தாகிட்ட பேசி எழுதினீங்கன்னா "நேர்ப்பேச்சு", ஊரு, தேதி போடுங்க, பேரு போடலாமான்னு அவருகிட்டயே கேட்டுக்கோங்க.

கடைசி ஸ்லைடுல ஃபுல் லிஸ்ட்: எழுதினவர், வருஷம், தலைப்பு, வெளியிட்டது யாரு, லிங்க். சோர்ஸ் லிஸ்ட் எழுதற முறை ஏபிஏவா (APA) எம்எல்ஏவா (MLA)ன்னு டிபார்ட்மெண்ட்ல கேட்டுட்டு ஒண்ணையே கடைசி வரைக்கும் புடிங்க (இது சட்டசபை எம்எல்ஏ இல்ல).