ஃப்ளாரன்ஸில் செக்வே ஏறப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

செக்வேயில், அதாவது இரண்டு சக்கரங்களுக்கு நடுவே நின்றபடி ஓட்டும் மின்சார வண்டியில் போய், இத்தாலியின் ஃப்ளாரன்ஸைப் பார்த்து முடித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கைடோடு சுற்றும் இரண்டு மணி நேரத்தில் அந்த ஊரில் ஒரு தேவாலயத்தின் வாசல் கதவைக்கூட ஒழுங்காகப் பார்க்க முடியாது. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் வேறொன்று நடக்கும்: ஆறு எந்தப் பக்கம், பெரிய குவிமாடம் எந்தப் பக்கம், எந்தச் சந்து எந்தச் சதுக்கத்தில் போய் முட்டுகிறது என்பதெல்லாம் மண்டைக்குள் ஏறிவிடும். அதனால் இதை ஊர் போய்ச் சேர்ந்த முதல் நாள் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மூன்றாவது நாள் போனேன். அதற்கு முந்தைய இரண்டு நாளும் ஒரே தோல்பைக் கடையை நாலு திசையிலிருந்தும் நாலு தடவை கடந்து, கடைக்காரரே சிரிக்க ஆரம்பித்த பிறகுதான் புத்தி வந்தது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். முழங்கால் வலி, நடக்க முடியாது, அதனால் செக்வே எடுக்கலாம் என்று நினைக்கிறவர்கள் கொஞ்சம் யோசியுங்கள். நடக்க வேண்டாம், சரி, ஆனால் முழு நேரமும் நின்றுகொண்டே இருக்க வேண்டும். அதுவும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து நிற்கிற மாதிரி இல்லை, பாதமும் கெண்டைக்காலும் ஒரு நிமிடம் விடாமல் வேலை செய்யும். உண்மையில் ஃப்ளாரன்ஸின் பழைய ஊர் சின்னது, டுவோமோ எனும் பெரிய தேவாலயத்திலிருந்து போன்டே வெக்கியோ பாலத்துக்கு நடந்தால் பத்து நிமிடம் ஆகும். தலைசுற்றல் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஏறவே கூடாது. மதியச் சாப்பாட்டோடு ஒயின் குடித்தவர்களும் அன்றைக்கு ஏற வேண்டாம்.

முன்பதிவு செய்யும்போது விலையை மட்டும் பார்க்காமல் நாலைந்து கேள்வி கேட்டுவிடுங்கள். ஒரு கைடுக்கு எத்தனை பேர்? ஆறுக்கு மேல் என்றால் எனக்குப் பிடிக்காது, ஏனென்றால் கடைசியில் வருகிறவருக்கு வரலாறும் கேட்காது, முன்னால் வண்டி நின்றதும் தெரியாது. காதில் மாட்டும் கருவி தருவார்களா? பயிற்சி எத்தனை நிமிடம்? பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுவோம் என்பவர்களை விட்டுவிடுங்கள், இருபது நிமிடமாவது வேண்டும். வண்டி எந்த வகை? அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 2001 டிசம்பரில் அறிமுகப்படுத்திய அசல் செக்வேயின் தயாரிப்பு 2020-இல் நின்றுவிட்டது. ஆகவே அந்த வகை வண்டி எங்கே இருந்தாலும் அது ஏற்கனவே பல வருடம் ஓடிய வண்டிதான், டயரையும் மிதிக்கிற ரப்பர் பாயையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது. சில இடங்களில் முழங்காலால் திருப்புகிற சின்ன வண்டி இருக்கும், அது வேறு பழக்கம். எடை வரம்பும் உண்டு: பெரிய வண்டிக்குச் சுமார் 45 கிலோவிலிருந்து 118 கிலோ வரை. 45-க்குக் கீழே இருந்தால் என்ன கெட்டுப்போகிறது என்று தோன்றும், ஆனால் பின்னால் சாய்ந்து வண்டியை நிறுத்துவதே நம் எடையால்தான். மெலிந்த பிள்ளைகளை விட மாட்டார்கள், கெஞ்சாதீர்கள்.

எந்தெந்தத் தெருவில் இப்போது அனுமதி என்பதையும் கேளுங்கள். பழைய நகரங்களில் இந்த விதி மாறிக்கொண்டே இருக்கும். செக் நாட்டின் பிராக் நகரம் 2016-இல் தன் மையப் பகுதியில் செக்வேக்களைத் தடை செய்தது. ஃப்ளாரன்ஸின் டுவோமோ சதுக்கத்தில் 2009-லிருந்து கார், பஸ் எதுவும் கிடையாது, முழுக்க நடப்பவர்களுக்கானது. அங்கே நாம் விருந்தாளி மாதிரி ஊர்ந்துதான் போக வேண்டும். நாளைப் பொறுத்தவரை என் ஓட்டு திங்கள்கிழமைக்கு. ஊஃபிட்சி, அக்காடெமியா இரண்டு அருங்காட்சியகங்களும் வழக்கமாகத் திங்களன்று மூடியிருக்கும், எப்படியும் அன்றைக்குத் தெருவில்தான் சுற்றப் போகிறோம். காலை முதல் நேரத்தைப் பிடியுங்கள். பதினொரு மணிக்கு மேல் கூட்டம் நம் தி.நகர் மாதிரி ஆகிவிடும்.

உடை விஷயத்தில் பிடிவாதம் வேண்டாம். புடவை, வேட்டி, தொங்குகிற துப்பட்டா எதுவும் ஆகாது, இரண்டு பெரிய சக்கரங்களுக்கு நடுவில் நிற்கப் போகிறீர்கள். தட்டையான அடிப்பாகம் உள்ள ஷூ போதும், செருப்பும் ஹீல்ஸும் வேண்டவே வேண்டாம். தோளில் தொங்கும் பையைத் திருப்பத்தில் சமாளிப்பது கஷ்டம், முதுகுப்பை என்றால் கனமில்லாமல் இருக்கட்டும். கையெழுத்து போடச் சொல்லித் தரும் தாளில், வண்டிக்குச் சேதம் வந்தால் யார் எவ்வளவு தர வேண்டும் என்று ஒரு வரி இருக்கும், அதை மட்டுமாவது படியுங்கள். பயணக் காப்பீடு இந்த மாதிரி வண்டிக்குச் செல்லுமா என்பதை ஊரிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சரி, இப்போது ஏறுவது. நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பதினெட்டு வயதிலிருந்து ஸ்கூட்டர் ஓட்டிய கை, ஹேண்டில்பாரைப் பிடித்ததும் தானாக வலது பக்கம் முறுக்கப் பார்க்கும். செக்வேயில் முறுக்க எதுவும் இல்லை. பிரேக் இல்லை, ஆக்சிலரேட்டர் இல்லை, கியர் இல்லை. நீங்கள் முன்னால் சாய்ந்தால் கீழே விழாமல் உங்களைத் தாங்கிப் பிடிக்க வண்டி முன்னால் ஓடுகிறது, பின்னால் சாய்ந்தால் வேகம் குறைந்து நிற்கிறது. அவ்வளவுதான் அதன் வித்தை. உள்ளே இருக்கும் சுழல் உணரிகள் நீங்கள் எவ்வளவு சாய்ந்தீர்கள் என்பதைத் தொடர்ந்து அளந்துகொண்டே இருக்கும்.

ஏறும்போது கைடு எதிரே நின்று ஹேண்டிலைப் பிடித்துக்கொள்வார். வண்டி ஆன் ஆகியிருக்கிறதா என்று நீங்களும் பாருங்கள். 2003-இல் அன்றைய அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் ஆன் செய்யாத வண்டியில் ஏறப் போய்த் தடுமாறிய படம் உலகம் முழுக்கச் சுற்றியது. ஒரு காலை வையுங்கள், உடனே அடுத்த காலையும் வையுங்கள். ஒரு காலை மட்டும் வைத்துவிட்டு யோசித்தால் வண்டி நகர ஆரம்பிக்கும். ஹேண்டிலை உங்கள் பக்கம் இழுக்காதீர்கள், அது ஏணி இல்லை. ஏறியதும் வண்டி முன்னும் பின்னும் துடிக்கும். துடிப்பது வண்டி இல்லை, நீங்கள்தான். பயத்தில் உங்கள் உடம்பு ஆடுகிறது, அதைச் சரிசெய்ய வண்டி ஆடுகிறது. காலைப் பார்க்காமல் தூரத்தில் ஒரு ஜன்னலைப் பார்த்து, முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, மூச்சு விட்டால் பத்து நொடியில் வண்டி அடங்கிவிடும். எனக்கு ஒரு நிமிடம் ஆனது. பக்கத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி ஏறிய நொடியே சிலை மாதிரி நின்றார், தினமும் யோகா செய்கிறவராம்.

முன்னால் போக இடுப்பை வளைத்துக் குனிய வேண்டாம், எடையைக் கால்விரல்களுக்கு நகர்த்தினால் போதும். நிற்க வேண்டுமானால் பின்னால் ஒரு நாற்காலி இருப்பதாக நினைத்து உட்காரப் போகிற மாதிரி எடையைக் குதிகாலுக்குக் கொண்டுவாருங்கள். திரும்ப ஹேண்டில் தண்டை அந்தப் பக்கம் சாய்க்க வேண்டும், உடம்பும் கூடவே போகட்டும். இந்த நிறுத்துகிற பழக்கத்தைத்தான் பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஓட்டுவது யாருக்கும் வந்துவிடும். பைக்கில் நிற்கும்போது இடது காலைத் தரையில் ஊன்றுவோமே, அந்தப் பழக்கம் இங்கே ஆபத்து: ஒரு கால் கீழே, ஒரு கால் மேலே என்றால் வண்டிக்கு என்ன செய்வதென்று தெரியாது, உங்கள் கெண்டைக்கால்மேலேயே உருளும். இறங்குவதும் அப்படித்தான். முழுக்க நின்ற பிறகு பின்பக்கமாக ஒரு காலை எடுத்து வைத்து, தாமதிக்காமல் அடுத்ததையும் எடுங்கள், கடைசி வரை ஹேண்டிலை விடாதீர்கள். விட்டால் நாற்பத்தெட்டு கிலோ வண்டி தானாகப் போய் யார் மேலாவது சாயும்.

வேகம் பற்றிக் கவலை வேண்டாம். இந்த வண்டியின் உச்சமே மணிக்கு 20 கிலோமீட்டர், புதியவர்களுக்குப் பெரும்பாலும் ஆமைப் படம் போட்ட முறையில், அதில் பாதிக்கு மேல் போகாதபடி வைத்துத் தருவார்கள். வரம்பைத் தொட்டதும் ஹேண்டில் உங்களைப் பின்னால் தள்ளும். கெட்டுப்போய்விட்டதென்று பதறி இன்னும் முன்னால் சாய்கிறவர்கள் உண்டு. தள்ளினால் தள்ளியபடி விட்டுவிடுங்கள். நிஜமான ஆபத்து அகலத்தில் இருக்கிறது. ஹேண்டில் குறுகல், சக்கரங்கள் அதைவிட வெளியே, மொத்தம் அறுபது செ.மீட்டருக்கு மேல். ஹேண்டில் நுழைந்துவிட்டதே என்று இரண்டு இரும்புக் குட்டைத் தூண்களுக்கு நடுவே நான் போனேன். வலது சக்கரம் தூணில் உரசியது, வண்டி அதே இடத்தில் சட்டென்று வலப்பக்கம் சுழன்றது, நான் இடப்பக்கம் இறங்கினேன். இறங்கினேன் என்று மரியாதையாகச் சொல்கிறேன். உள்ளங்கையில் தோல் உரிந்ததோடு போயிற்று. நடைபாதை விளிம்பிலும் இதே கதைதான். ஒரு சக்கரம் மட்டும் எதிலாவது முட்டினால் திரும்பிவிடும், இரண்டும் சேர்ந்து நேராக ஏறினால் சின்ன மேட்டைத் தாண்டும். ஃப்ளாரன்ஸ் தெருக்கள் பெரிய சாம்பல்நிறக் கற்பலகை பாவியவை, வெயிலில் பிரச்சினை இல்லை, மழை பெய்து நனைந்தால் எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கும். தூறல் விழுந்தால் தேதி மாற்றித் தருவார்களா என்று முன்பே கேட்டுவைப்பது அதற்குத்தான்.

இனி பார்க்கிற விஷயம். செக்வே மேடை தரையிலிருந்து சுமார் 20 செ.மீ. உயரம், அதனால் கூட்டத்தின் தலைகளுக்கு மேலே நம் கண் இருக்கும். இது பெரிய வசதி. ஆனால் ஓடும்போது மேலே பார்த்துக்கொண்டே போகக் கூடாது, நிற்கிற இடத்தில் மட்டும் பாருங்கள். மேலே பார்த்து முடித்ததும் கீழேயும் பாருங்கள், இந்த ஊர் தன் கதைகளில் நல்லவற்றைத் தரையில் எழுதி வைத்திருக்கிறது.

டுவோமோவின் முன்பக்கத்தில் எல்லோரும் நிற்பார்கள். அந்தப் பளிங்கு முகப்பு 19-ஆம் நூற்றாண்டில்தான் கட்டி முடிக்கப்பட்டது. பின்பக்கம் போகச் சொல்லி கைடிடம் கேளுங்கள். கட்டடக் கலைஞர் புரூனெல்லெஸ்கி 1420 முதல் 1436 வரை, கீழிருந்து முட்டுக்கொடுக்கும் மரச்சாரம் இல்லாமல் எழுப்பிய செங்கல் குவிமாடத்தின் பருமன் அங்கிருந்துதான் தெரியும். அங்கே தரையில், எழுத்து எதுவும் இல்லாத ஒரு வட்ட வெள்ளைப் பளிங்கு இருக்கும். குவிமாடத்தின் உச்சியில் இருந்த செம்புக் கோளம் 1600 வாக்கில் இடி விழுந்து உருண்டு வந்து விழுந்த இடம் அது. என் சக்கரம் அதன் மேலேயே நின்றிருந்தது, கைடு சொன்ன பிறகுதான் பின்வாங்கினேன். உச்சிக்கு ஏற 463 படி, அதற்குத் தனி டிக்கெட், வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பியாட்சா டெல்லா சின்யோரியா சதுக்கத்தில் வண்டியை விட்டு இறங்க வாய்ப்பு கொடுத்தால் கட்டாயம் இறங்குங்கள். பழைய அரண்மனையான பலாட்சோ வெக்கியோவின் வாசலில் நிற்கும் டேவிட் சிலை நகல், 1910-இல் வைத்தது. மைக்கேலாஞ்சலோவின் அசல் 1504-லிருந்து அங்கே வெயிலிலும் மழையிலும் நின்று, 1873-இல் அக்காடெமியாவுக்குப் போய்விட்டது. அந்த நகலோடு படம் எடுக்கும் கூட்டத்துக்குப் பக்கத்து வளைவு மண்டபத்தில், கிரேக்கப் புராண அரக்கி மெதூசாவின் தலையைத் தூக்கிப் பிடித்து நிற்கும் வீரன் பெர்சியஸின் வெண்கலச் சிலை சிற்பி செல்லினி செய்த அசல், பார்க்கக் காசும் இல்லை. இங்கேயும் தரையைப் பாருங்கள்: நெப்டியூன் நீரூற்றின் அருகே ஒரு வட்டக்கல், ஊரையே தன் பிரசங்கத்தால் ஆட்டிவைத்த சவொனரோலா என்ற துறவியை 1498 மே 23 அன்று தூக்கிலிட்டு எரித்த இடம்.

ஆற்றங்கரைக்கு வந்ததும் போன்டே வெக்கியோவில் ஏற ஆசைப்படாதீர்கள். நகைக்கடைகளும் கூட்டமும் நெருக்கும், நடந்து போகவே இடமில்லை. அடுத்த பாலமான சான்டா ட்ரினிடாவில் நின்றால் அது முழுசாகத் தெரியும், படம் எடுக்கவும் அதுதான் இடம். 1944 ஆகஸ்டில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை ஃப்ளாரன்ஸின் பாலங்களைத் தகர்த்தபோது போன்டே வெக்கியோவை மட்டும் விட்டுவைத்தது. நீங்கள் நிற்கும் சான்டா ட்ரினிடாவும் அப்போது உடைந்ததுதான், ஆற்றிலிருந்து மீட்ட கற்களையும் சேர்த்து 1958-இல் திரும்பக் கட்டினார்கள். படம் எடுக்கும்போது வண்டியிலிருந்து இறங்கிவிடுங்கள். ஒரு கையில் போனும் மறு கையில் ஹேண்டிலுமாக நின்ற என் நண்பர் மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்து ஒரு ஐஸ்கிரீம் வரிசைக்குள்ளேயே போய்விட்டார்.

சான்டா க்ரோச்சே தேவாலயத்தின் பக்கம் வரும்போது கால் மரத்துப்போயிருக்கும். கைடு பேசும் நேரத்தில் பாதத்தை ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொள்ளுங்கள், ஆனால் மேடையிலிருந்து தூக்க வேண்டாம். அந்தத் தேவாலயத்துக்குள்ளே மைக்கேலாஞ்சலோ, கலிலியோ, மாக்கியவெல்லி மூவரின் கல்லறைகளும் இருக்கின்றன, வண்டியோடு போக முடியாது, டிக்கெட் எடுத்து மாலையில் வாருங்கள். வண்டியைத் திருப்பிக் கொடுத்து இறங்கிய பிறகு ஐந்து நிமிடம் தரையே ஆடுகிற மாதிரி இருக்கும், படகிலிருந்து இறங்கினால் இருக்குமே, அப்படி. அதற்குள் ரோட்டைக் கடக்க ஓடாதீர்கள், ஒரு காப்பி குடியுங்கள். அங்கே பார் என்று சொல்லும் காப்பிக்கடையில் நின்று குடித்தால் விலை குறைவு, இவ்வளவு நேரம் நின்றவர் இன்னும் ஐந்து நிமிடம் நிற்கலாம்.

அப்புறம் தேவாலயத்துக்குப் போகிற வழியில் வியா சான் ரெமிஜியோ என்ற சின்னத் தெருவுக்கு நடந்து போங்கள். கைடு வண்டியை நிறுத்தாமல் கை காட்டிவிட்டுப் போன இடம் அது, நான் அன்று சாயங்காலம் திரும்பிப் போய்த்தான் பார்த்தேன். சுவரில் அலைகளுக்கு மேலே ஒரு விரல் நீட்டிய கை செதுக்கியிருக்கிறது, 1333 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு ஏறிவந்த மட்டம். அதற்கும் மேலே இன்னொரு பலகை, 1966 வெள்ளத்துக்கு, அதே நவம்பர் 4. இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே இருக்கிறது, எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டி நின்று அண்ணாந்தால்தான் தேதி தெளிவாகத் தெரியும்.