மரபணுப் பெயரைத் தேதியாக்கிவிடும் எக்செல்

ஆய்வகத் தரவாக வரும், மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வி கோப்பை இருமுறை சொடுக்கி நேராக எக்செலில் திறக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. மரபணுத் தரவோடு பணிபுரிபவர்கள் அதைக் கைவிடுவது நல்லது. ‘செப்ட்2’ என்ற மரபணுக் குறியீட்டை எக்செல் செப்டம்பர் 2 என்றும், ‘மார்ச்1’ என்பதை மார்ச் 1 என்றும் தானாகவே மாற்றிவிடும். அதன்பின் கட்டத்துக்குள் இருப்பது தேதியைக் குறிக்கும் வரிசை எண் மட்டுமே என்பதால், வடிவத்தை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றினாலும் பழைய பெயர் திரும்பாமல் ஓர் ஐந்திலக்க எண்தான் கண்ணில் படும்.

இது அரிதான பிழை அன்று. எக்செல் மரபணுப் பட்டியலை இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இப்பிழை இருந்ததாக 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மென்பொருளுக்காக மரபணுக்களே பெயர் மாற வேண்டியதாயிற்று என்பதுதான் வேடிக்கை: 2020இல் அறிவிக்கப்பட்ட புதிய பெயரிடல் நெறிகளில் அவை ‘செப்டின்2’, ‘மார்ச்எஃப்1’ என்றாயின. ஆனால் பழைய தரவுகளில் பழைய பெயர்களே நீடிக்கின்றன.

ஆகவே, வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்து, ‘டேட்டா’ பட்டியில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ வழியாகத் தரவைக் கொண்டுவந்து, ‘டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா’வில் பெயர் நெடுவரிசையின் வகையை ‘டெக்ஸ்ட்’ என்று அமைத்த பிறகே ஏற்றுங்கள். பிறர் அனுப்பிய எக்செல் கோப்பாக இருந்தால், பெயர் நெடுவரிசையை ஏறுவரிசையில் அடுக்கிப் பாருங்கள். தேதியாகிப்போனவை எழுத்துகளுக்கு முன்னால், உச்சியில் வந்து நிற்கும்.