பேண்ட் வரவில்லை என்று கிட்டைத் திட்டுவதற்கு முன்

பி.சி.ஆர்., அதாவது டி.என்.ஏ.வின் ஒரு பகுதியைப் பல மடங்கு பெருக்கும் வேலை, முடிந்து ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால், அளவு காட்டும் லேடர் மட்டும் அழகாக ஓடியிருக்கும், மற்ற லேன்கள் எல்லாம் காலி, பேண்ட் என்கிற டி.என்.ஏ. கோடு எங்கும் இல்லை. உடனே ஆய்வகத்தில் எழும் முதல் குரல்: "இந்த டேக் பாலிமரேஸ் சரியில்லை, வேற கம்பெனி வாங்கணும்." பெரும்பாலும் டி.என்.ஏ.வை நகலெடுக்கும் அந்த என்சைம் மேல் தவறே இருக்காது. வெந்நீர் ஊற்றில் வாழும் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவின் என்சைம் அது. 95 டிகிரிச் சூட்டையே தாங்கும். பி.சி.ஆர். கெடுவது பெரும்பாலும் மெஷினுக்குள் போவதற்கு முன்பே.

முதலில், திரவத்தை அளந்து எடுக்கும் பைப்பெட். டேக், 50 சதவீத கிளிசராலில் வருகிறது. மைனஸ் 20 டிகிரியிலும் அது உறையாமல் இருப்பது அதனால்தான். ஆனால் கிளிசரால் பிசுபிசுப்பானது. பைப்பெட்டின் டிப்பை டியூபின் அடிவரை முக்கினால் உள்ளே போவதைவிட வெளியே ஒட்டிக்கொண்டு வருவது அதிகமாக இருக்கும். நுனி மட்டும் திரவத்தில் படட்டும். மெதுவாக உறிஞ்சி, ஓரிரு விநாடி பொறுத்து வெளியே எடுங்கள். ஒவ்வொரு டியூபிலும் 0.25 மைக்ரோலிட்டர் என்சைம் தனித்தனியாகப் போடுவது வீண் வேலை, அந்த அளவை எந்தக் கையும் ஒரே மாதிரி எடுக்காது. 10 டியூப் என்றால் 11 டியூபுக்கான பொதுப் பொருள்களை மொத்தமாகக் கலந்து, அதாவது மாஸ்டர் மிக்ஸ் போட்டு, பிரித்துக்கொள்ளுங்கள். கிளிசரால் கனமானது, அடியில் போய் உட்கார்ந்துவிடும். அதனால் என்சைம் சேர்த்த பிறகு டியூபை விரலால் தட்டிக் கலக்கி, சென்ட்ரிஃபியூஜில் ஒரு சின்ன ஸ்பின் கொடுக்க வேண்டும்.

என்சைமோடு சேர்க்கும் உப்புக் கரைசலான பஃபரிலும் இதே கதைதான். உறைந்த பஃபர் உருகியதும் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும், ஆனால் உப்பு கீழே தங்கியிருக்கும். கலக்காமல் மேலாக எடுத்தால் மெக்னீசியம் குறையும், மெக்னீசியம் இல்லாமல் டேக் வேலை செய்யாது. உருகியதும் வோர்டெக்ஸ் மெஷினில் அதிர்த்துக் கலக்கல், ஸ்பின், அப்புறம் பைப்பெட். இந்த வோர்டெக்ஸ் பஃபருக்கு மட்டும், என்சைமுக்கு வேண்டாம். இன்னொன்று: தானாகப் பனி நீக்கும் வீட்டு ஃபிரிட்ஜில் என்சைமை வைக்காதீர்கள். பனியை உருக்க அது அடிக்கடி சூடாகும்.

பிரைமர் என்பது நகலெடுப்பு எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டும் சின்ன டி.என்.ஏ. துண்டு. புதிதாக வந்த பிரைமர் டியூபைத் திறக்கும் முன் ஸ்பின் செய்யுங்கள். கண்ணுக்கே தெரியாத அந்தத் துகள் மூடியில் ஒட்டியிருந்தால், திறந்ததும் பறந்துவிடும். 25 நானோமோல் என்று எழுதியிருந்தால் 250 மைக்ரோலிட்டர் டி.இ. பஃபர் ஊற்றினால் 100 மைக்ரோமோலார் ஸ்டாக். அதையே நேராக ரியாக்‌ஷனில் போடுகிறவர்களுக்குக் கிடைப்பது ஜெல்லின் அடியில் பிரைமர்களே ஒன்றோடொன்று ஒட்டி உருவாகும் பிரைமர் டைமர்தான். 10 மைக்ரோமோலாருக்கு நீர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பொறுத்தவரை மன்னிக்கவே முடியாத தவறு, செலவு மிச்சம் என்று, டி.என்.ஏ. சேர்க்காத டியூபான நெகட்டிவ் கன்ட்ரோலை விடுவது. அது இல்லாத ஜெல்லில் பேண்ட் வந்தாலும் நான் நம்ப மாட்டேன். அந்த லேனிலும் பேண்ட் தெரிந்தால், பழைய பி.சி.ஆர். சரக்கு எங்கிருந்தோ உள்ளே புகுந்திருக்கிறது. ரியாக்‌ஷன் போடும் மேசையிலேயே முடிந்த டியூப்களைத் திறப்பதுதான் வழக்கமான காரணம். மேசையை 70 சதவீத எத்தனாலால் துடைத்தால் கிருமி சாகும், டி.என்.ஏ. அப்படியே கிடக்கும். அதை அழிக்க 10 சதவீத பிளீச் வேண்டும். கலவை போடுவதற்கும் முடிந்த டியூபைத் திறப்பதற்கும் தனித்தனி பைப்பெட், ஃபில்டர் டிப், சின்னச் சின்னதாகப் பிரித்து வைத்த தண்ணீர் இருந்தால் பாதித் தலைவலி தீரும்.

டியூப் மூடியில் மட்டும் பெயர் எழுதாதீர்கள், மெஷினின் சூடான மூடியில் மை அழியும். பக்கத்திலும் எழுதுங்கள். ஜெல்லைப் பஃபருக்குப் பதில் வெறும் தண்ணீரில் காய்ச்சுவதும், கறுப்பு சிவப்பு வயரை மாற்றிச் செருகுவதும் வருடாவருடம் புது மாணவர்கள் செய்வது. டி.என்.ஏ. சிவப்பை, அதாவது பாசிட்டிவ் முனையை, நோக்கித்தான் ஓடும்.

இவ்வளவும் சரி, நிச்சயம் வேலை செய்யும் டி.என்.ஏ. போட்ட பாசிட்டிவ் கன்ட்ரோலிலும் பேண்ட் இருக்கிறது, உங்கள் சாம்பிளில் மட்டும் இல்லை என்றால் டி.என்.ஏ.வைப் பாருங்கள். இலையிலிருந்து எடுத்ததென்றால் பாலிபீனாலும் சர்க்கரைப் பொருள்களும் கூடவே வந்து டேக்கைத் தடுக்கும். பேண்ட் வரவில்லையே என்று டெம்ப்ளேட்டை, அதாவது நகலெடுக்கப் போடும் டி.என்.ஏ.வை, கூட்டினால் அந்தத் தடையும் சேர்ந்து கூடும். 10 மடங்கு நீர்த்துப் போட்டுப் பாருங்கள், பல சமயம் அதிலேயே வந்துவிடும்.