பழைய புடவையில் புதிய உடை: பெண்கள் தையல் குழுவை நியாயமாக நடத்தும் முறை

சிங்கப்பூரில் பெரும்பாலான தமிழ் வீடுகளின் அலமாரிகளில் ஆண்டுக்கணக்கில் உடுத்தப்படாத புடவைகள் மடிப்புக் கலையாமல் கிடக்கின்றன. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கணக்குப்படி, 2022இல் இங்குச் சேர்ந்த துணி, தோல் கழிவில் 2 விழுக்காடு மட்டுமே மறுபயனீட்டுக்குச் சென்றது. குப்பையை எரித்தபின் எஞ்சும் சாம்பலைக் கொட்டும் செமாக்காவ் தீவுக் குப்பை நிலமும் 2035 வாக்கில் நிரம்பிவிடக்கூடும். இந்த நிலையில், பழைய புடவைகளைப் புதிய உடைகளாக்கப் பெண்கள் குழுவாகச் சேர்வது நல்ல முயற்சிதான். ஆனால் துணியை வீணாக்காமல் காப்பாற்றிவிட்டு, அதைத் தைத்தவரின் உழைப்பை மட்டும் இலவசமாக எடுத்துக்கொண்டால் அதைப் பெண்ணியம் என்று சொல்ல இயலாது. ஆகவே முதலில் ஒரு கணக்கு நோட்டை வாங்குங்கள். கத்தரிக்கோலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்த நோட்டில் ஒவ்வோர் உடைக்கும் ஆன நேரத்தை எழுத வேண்டும். புடவையின் ஃபால்ஸைப் பிரிப்பது, துவைத்து இஸ்திரி போடுவது, கறை படிந்த இடங்களைத் தவிர்த்துத் துணியைப் பிரித்து வைப்பது, பிசிறு வெட்டுவது ஆகிய வேலைகள் எப்போதும் கணக்கில் வராமல் போகின்றன. அவற்றைச் செய்பவர்களும் பெரும்பாலும் குழுவில் அதிகம் பேசாதவர்களே. ஒரு கையில்லா மேலங்கிக்கு எல்லா வேலையும் சேர்த்து எட்டு மணி நேரம் ஆகிறது என்றும், மணிக்கு 12 வெள்ளி என முடிவு செய்திருக்கிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். கூலி 96 வெள்ளி. நூல், லைனிங், பட்டனுக்கு 10 வெள்ளி. தையல் இயந்திரப் பராமரிப்புக்கு 4 வெள்ளி. ஆக விலை 110 வெள்ளி. சிராங்கூன் சாலைக் கடைகளில் இதைவிட மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குபவர் கேட்கத்தான் செய்வார். அப்போது கூலியைக் குறைக்காதீர்கள். இரண்டு மணி நேரத்தில் முடியும் பையையோ தலையணை உறையையோ தைத்து விற்றுக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் எல்லாத் தொழிலுக்கும் பொதுவான குறைந்தபட்ச ஊதியம் இல்லாததால், உங்கள் குழுவின் கூலியை நீங்களே நிர்ணயித்து, விலைச்சீட்டிலும் அச்சிடுவது நல்லது. மலிவு விலையின் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாத கதையல்ல. 2013 ஏப்ரல் 24 அன்று பங்களாதேஷின் டாக்காவுக்கு அருகே, ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தையல் வேலை செய்த பெண்கள். தமிழ்நாட்டிலும், ஆடைத் தொழிற்சாலைகளில் பெண்களுக்கு எதிரான வன்முறையையும் சாதிப் பாகுபாட்டையும் தடுக்க, பெண்கள் தலைமையேற்ற தொழிற்சங்கம் ஒன்று போராடி 2022இல் திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் பெற்றது.

கூடுவதற்குச் சமூக மன்றத்தையோ வசிப்போர் குழுவின் அறையையோ கேட்டுப் பாருங்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் சிறிய அளவில் தையல் தொழில் நடத்தலாம் என்றாலும், அந்த வீட்டில் வசிக்காதவரை வேலைக்கு அமர்த்தக் கூடாது; எனவே விற்பனைக்கான உடைகளை ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் தைப்பதே வசதி. எழுபது, எண்பதுகளில் இங்கிருந்த ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த பாட்டிமார் உங்கள் புளோக்கிலேயே இருக்கலாம். அவர்களைக் கற்றுக்கொடுப்பவர்களாக அழைத்து, கற்றுத்தரும் நேரத்துக்கும் அதே கூலியைக் கொடுங்கள். இல்லப் பணிப்பெண்கள் வர விரும்பினால் கூடுதல் கவனம் தேவை. வேலை அனுமதி அட்டையில் உள்ள முதலாளியைத் தவிர வேறு எவரிடமும் அவர்கள் சம்பாதிக்கக் கூடாது. கூலி கொடுக்க முடியாத ஒருவரின் கைவேலையை விற்பதும் முறையாகாது என்பதால், ஓய்வு நாளில் அவர்கள் தைப்பது அவர்களுக்கே சொந்தம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இனி துணிக்கு வருவோம். பட்டுப் புடவை முதலில் நைந்துபோவது மடிப்பில்தான். வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து, மடிப்பின் இருபுறமும் கட்டைவிரல்களை வைத்து மெல்ல இழுத்துப் பாருங்கள். இழை விலகி ஒளி கீற்றாகத் தெரிந்தால் அந்தப் பகுதி தையலைத் தாங்காது. அதை ஒதுக்கிவிட்டு, உடலோடு அதிகம் உரசாத முந்தானையையும் கரையையும் எடுத்துக்கொள்ளலாம். இழை எதுவென்று தெரியாவிட்டால், ஓரத்திலிருந்து நான்கைந்து நூல்களை உருவி, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே இடுக்கியால் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து மென்சாம்பலாகும். பட்டில் முடி கருகும் வாடை வரும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக உறையும். இங்குள்ள ஈரப்பதத்தில் பூஞ்சணம் பிடித்த புடவைகளும் வரும். அவற்றைத் தனியாகக் காற்றாடப் போடாமல் மற்றவற்றோடு சேர்த்து வைத்தால் எல்லாம் கெட்டுவிடும்.

சுமார் ஐந்தரை மீட்டர் நீளமுள்ள புடவையை வளைவுகளாக வெட்டினால் துண்டுகள் மிஞ்சும். உடலுக்கும் கைக்கும் செவ்வகங்கள், அக்குளுக்கு ஒரு சிறு சதுரம் என்று பழைய குர்தாவைப்போல வெட்டினால் ஏறக்குறைய எதுவும் வீணாகாது. கரையையும் தனியே வெட்டி ஒட்டாமல் கைநுனியிலோ கீழ்விளிம்பிலோ வருமாறு அமைக்கலாம். எந்த உடலுக்குத் தைப்பது என்பதையும் சேர்ந்தே முடிவு செய்யுங்கள். கடை அளவுகளில் அடங்காத உடல்கள்தாம் நம்மில் அதிகம். பக்கத் தையலில் இரண்டு அங்குலம் உள்ளே விட்டு, இடுப்பில் நாடா வைத்தால் உடல் மாறும்போது உடையும் மாறும். பால் கொடுக்கும் தாய்க்கு முன்திறப்பு, பெரிய பைகள் ஆகியவற்றைக் கேட்காமலேயே வைத்துவிடுங்கள். பெண்களின் உடைக்குப் பை வைக்க மறுக்கும் வழக்கத்துக்கு நல்ல காரணம் எதையும் நான் இதுவரை கேட்டதில்லை.

வடிவமைத்தவர், வெட்டியவர், தைத்தவர், புடவையைத் தந்தவர் ஆகிய நால்வரின் பெயரும், அவர்கள் சம்மதித்தால், உடையின் உட்புறத் துணிச்சீட்டில் இருக்கட்டும். பெயர் வேண்டாம் என்பவருக்கு அதற்கும் உரிமையுண்டு. புடவை கொடுப்பவரிடம் அது வெட்டப்படும் என்பதைச் சொல்லி ஒப்புதல் பெறுங்கள். அம்மாவின் கூறைப்புடவையைக் கொடுத்துவிட்டு மறுவாரம் திருப்பிக் கேட்பவர்கள் உண்டு, ஆகவே ஒரு வாரம் கழித்தே கத்தரியை வைப்பது நல்லது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு நோட்டை எல்லார் முன்னிலையிலும் வாய்விட்டு வாசித்து, கூலியையும் அடுத்துத் தைக்க வேண்டியவற்றையும் அந்தக் கூட்டத்திலேயே கைதூக்கி முடிவு செய்துகொள்ளுங்கள்.